61-லிருந்து 1-க்கு: ஷெரிஃப் ஆல்பம் இரண்டு முறை தொலைந்த கதை

அமெரிக்காவில் வாரா வாரம் அதிகம் ஓடும் பாட்டுகளை வரிசைப்படுத்துவது பில்போர்டு ஹாட் 100. 1989 பிப்ரவரி 4 தேதியிட்ட அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்த குழுவை அன்றைக்கு எந்த மேடையிலும் ஏற்றியிருக்க முடியாது. குழுவே இல்லை. 1985-லேயே கலைந்து போயிருந்தது. அதற்கு முந்தைய இரண்டு வாரம் அந்த இடத்தில் ஃபில் காலின்ஸ் இருந்தார், அடுத்த வாரம் பாலா அப்துல் வந்துவிட்டார். நடுவில் ஒரே ஒரு வாரம், கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த ஷெரிஃப். பாட்டின் பெயர் ‘வென் ஐம் வித் யூ’.

அது புதுப் பாட்டும் இல்லை. 1982-ல் வந்த ஆல்பத்தில் இருந்தது. 1983-ல் இதே பட்டியலில் ஏறி, 61-ஆம் இடம் வரை போய், அங்கேயே மூச்சு வாங்கி இறங்கிவிட்டது. ஆறு வருஷம் கழித்து அதே ஒலிப்பதிவு, அதே குரல், அதே கேபிட்டல் இசைத்தட்டுக் கம்பெனி, முதலிடம். பாட்டில் எதையும் மாற்றாமல், காலத்தையும் சந்தையையும் மட்டும் மாற்றிப் பார்த்த பரிசோதனை மாதிரி இருக்கிறது இது. இசைத் தொழிலில் இவ்வளவு சுத்தமான உதாரணம் அடிக்கடி கிடைக்காது. அதனால்தான் இதை உட்கார்ந்து அலசத் தோன்றியது.

ஆனால் எனக்கு இதில் உறுத்துவது பாட்டின் விதி இல்லை, அந்தப் பாட்டைச் சுமந்து வந்த ஆல்பத்தின் விதி. 1983-ல் யாரும் கவனிக்காததால் அது தொலைந்தது. 1989-ல் எல்லோரும் கவனித்தார்கள், ஒரே ஒரு பாட்டை மட்டும். அப்போதும் தொலைந்தது. படம் பெட்டிக்குள் போய், பாட்டு மட்டும் டீக்கடை ரேடியோவில் நின்றுவிடுவதை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். கிட்டத்தட்ட அந்தக் கதைதான்.

ஐந்து பேர், ஒரு ஆல்பம்

ஷெரிஃப் 1979-ல் டொராண்டோவில் தொடங்கியது. பாட்டு ஃப்ரெடி கர்சி, கிதார் ஸ்டீவ் டிமார்ச்சி, கீபோர்டு ஆர்னால்ட் லானி, பேஸ் வூல்ஃப் ஹாசெல், டிரம்ஸ் ராப் எலியட். குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஒரே ஆல்பம்தான் அவர்கள் விட்டுப் போனது. தயாரித்தவர் ஸ்டேசி ஹேடன். 1976-ல் பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவியின் சுற்றுப்பயணத்தில் கிதார் வாசித்த கனடாக்காரர் அவர்.

அன்றைய கனடாவில் ஷெரிஃப் வாசித்த மெலோடிக் ராக்குக்குப் பஞ்சமே இல்லை. லவர்பாய், ஏப்ரல் வைன், டிரையம்ஃப், சாகா, பிரிசம், ஸ்ட்ரீட்ஹார்ட் என்று வரிசையாகக் குழுக்கள் இருந்தன. இதற்குப் பின்னால் ஒரு சட்டமும் உண்டு. 1971 முதல் கனடாவின் ஏஎம் வானொலி நிலையங்கள் போடும் இசையில் 30 சதவீதம் கனடா இசையாக இருக்க வேண்டும் என்பது அங்குள்ள ஒலிபரப்பு ஆணையத்தின் அன்றைய விதி. இசையமைத்தவர், பாடியவர், ஒலிப்பதிவு நடந்த இடம், வரி எழுதியவர் என்று நாலு கேள்வி. அதில் இரண்டுக்காவது கனடா என்று பதில் வந்தால் அந்தப் பாட்டு கணக்கில் சேரும். உள்ளூர்க் குழுவுக்கு ரேடியோவில் நிச்சயமாக ஓர் இடம் கிடைக்கும் என்ற நிலை இப்படித்தான் உருவானது. ‘வென் ஐம் வித் யூ’ 1983-ல் கனடாவில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒதுக்கீடு கிடையாது. அங்கே 61.

கேட்டால் எப்படி இருக்கிறது

மெலோடிக் ராக் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கிதார் எவ்வளவு சத்தம் போட்டாலும் வீட்டில் மெட்டு வைத்ததுதான் சட்டம். 1981-82 அதன் பொற்காலம். ஜர்னியின் ‘எஸ்கேப்’, ஃபாரினரின் ‘4’, ஏசியாவின் முதல் ஆல்பம், டோட்டோவின் ‘டோட்டோ 4’ எல்லாம் அந்த இரண்டு வருஷத்துக்குள் வந்தவை. உச்சத்தில் பாடும் ஆண் குரல், பின்னால் மூன்று நாலு குரல்கள் சேர்ந்து தூக்கிக் கொடுக்கும் பல்லவி, கிதாரும் கீபோர்டும் சம பங்காளிகள். இந்த இலக்கணத்தை ஷெரிஃப் வரிக்கு வரி பின்பற்றுகிறது.

பத்துப் பாட்டு. ‘யூ ரிமைண்ட் மீ’யும் ‘கலிஃபோர்னியா’வும் இந்த வகையின் ரசிகர்கள் இன்றும் தேடிக் கேட்பவை. ‘யூ ரிமைண்ட் மீ’யில் குழுவின் உண்மையான முகம் தெரிகிறது: வேகமான நடை, விடாமல் துரத்தும் கீபோர்டு, கர்சியின் குரல் மேலே ஏறும்போது கூடவே ஏறும் மற்றக் குரல்கள். ‘மேக்கிங் மை வே’யும் ‘லிவிங் ஃபார் எ ட்ரீம்’மும் அந்தத் தரத்துக்குப் பக்கத்தில் வருகின்றன. எல்லாமே தங்கம் என்று சொல்ல மாட்டேன். ‘கிவ் மீ ராக் அண்ட் ரோல்’ மாதிரிப் பாட்டு அந்தக் காலத்தில் மதுக்கூட மேடைகளில் வாசித்த எந்தக் குழுவிடமும் இருந்திருக்கும். ‘மாமாஸ் பேபி’யும் அப்படித்தான், வந்தது தெரியாமல் போய்விடுகிறது. என் கணக்கில் பத்தில் ஐந்து நல்ல பாட்டு, இரண்டு சுமார், மிச்சம் இடத்தை நிரப்ப வந்தவை. முதல் ஆல்பத்துக்கு இது மோசமில்லை. இதைவிடக் குறைவாக வைத்துக்கொண்டு லட்சக்கணக்கில் விற்றவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது அந்தப் பாட்டு. எழுதியவர் லானி மட்டும். மெட்டும் அவருடையது, வரியும் அவருடையது. கீபோர்டும் குரலுமாக மெல்லத் தொடங்குகிறது. கர்சி ஆரம்பத்தில் குரலை அடக்கி வைத்திருக்கிறார், ஆனால் மேலே இன்னும் இரண்டு மாடி இருக்கிறது என்பது நமக்குத் தெரிகிற மாதிரி அடக்கி வைத்திருக்கிறார். பல்லவிக்குப் பல்லவி ஒரு படி ஏற்றம். கடைசியில் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்துகிறார் பாருங்கள், அதுதான் விஷயம். கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச்சைத் தட்டிவிட்டுக் கேட்டால் சுமார் 19 வினாடி வரும். பில் விதர்ஸ் ‘லவ்லி டே’யில் 18 வினாடி இழுத்ததைப் பெரிதாகப் பேசுவார்கள்; இது அதைத் தாண்டிவிடுகிறது. நம் ஊர் நாகஸ்வரக் கச்சேரி கேட்டு வளர்ந்த காதுக்கு 19 வினாடி ஒரு பொருட்டே இல்லைதான். ஆனால் நாலு நிமிஷ ரேடியோ பாட்டில், உச்சஸ்தாயியில், அசங்காமல் நிற்பது வேறு கதை.

இந்தப் பாட்டு ஆல்பத்தின் மற்ற ஒன்பதோடு ஒட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சுற்றிலும் கிதார் முழக்கம், நடுவில் ஒரு தாலாட்டு. பிற்பாடு வந்த சிக்கலுக்கு விதை இங்கேயே விழுந்துவிட்டது.

61-ல் ஏன் நின்றது

பாட்டு சரியில்லை என்ற பதிலை 1989 அடித்துவிட்டது. அப்படியானால் வேறு காரணம் வேண்டும். எனக்குத் தெரிந்து மூன்று இருக்கிறது. மூன்றின் எடையும் ஒன்றில்லை.

சிறியதை முதலில் முடித்துவிடுகிறேன். இந்த வகைப் பாட்டுக்கு 1983-ல் போட்டி அதிகம். ஃபாரினரின் ‘வெயிட்டிங் ஃபார் எ கேர்ள் லைக் யூ’ பத்து வாரம் இரண்டாம் இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. ஜர்னியின் ‘ஓப்பன் ஆர்ம்ஸ்’ ஆறு வாரம். இவை வந்து ஓய்ந்த பிறகு, பெயர் தெரியாத ஒரு கனடாக் குழு அதே சாயலில் வந்து நின்றால், நிலையத்துக்காரர் ‘இது ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறதே’ என்றுதான் நினைப்பார்.

இரண்டாவது, காற்று திசை மாறிய நேரம். 1981 ஆகஸ்ட் 1 அன்று, பாட்டு வீடியோக்களைக் காட்டும் அமெரிக்கத் தொலைக்காட்சியான எம்டிவி தொடங்கியது. காட்டுவதற்கு வீடியோ வேண்டும், வீடியோ கைவசம் வைத்திருந்தவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். 1983 ஜூலையில் அமெரிக்காவின் முதல் 40 பாட்டில் ஏறக்குறையப் பாதி பிரிட்டிஷ் பாட்டு. இந்த அலையில் கேபிட்டலுக்கே ஒரு குதிரை இருந்தது: டுரான் டுரான். அவர்களுடைய ‘ஹங்ரி லைக் தி வுல்ஃப்’ அந்த வருஷம் மார்ச்சில் மூன்றாம் இடம் வரை போனது. அழகான முகங்கள், இலங்கையில் போய்ப் படம்பிடித்த வீடியோ, அதைப் பார்த்துக் கிறங்கிய இளம் ரசிகைகள். அதே கம்பெனியின் இன்னொரு மேஜையில் ஷெரிஃபின் ஆல்பம் இருந்தது. எந்த மேஜைக்குத் தொலைபேசி அதிகம் வந்திருக்கும் என்று யோசிக்கவே வேண்டாம்.

மூன்றாவதுதான் கனமானது: பட்டியல் தயாரான விதம். அன்றைய ஹாட் 100-க்குக் கடையில் ஸ்கேன் செய்யும் கணக்கு கிடையாது. கடைகளும் வானொலி நிலையங்களும் ‘இந்த வாரம் எங்களிடம் இது ஓடுகிறது’ என்று சொல்வதை வைத்துத்தான் பட்டியல். இயந்திரக் கணக்கு 1991 நவம்பர் கடைசியில்தான் வந்தது. ஆகவே ஒரு சிங்கிள், அதாவது ஆல்பத்திலிருந்து தனியாக வெளியிடும் பாட்டு, 61-லிருந்து 40-க்குள் போக, பெரிய நகரங்களின் நிலையங்கள் அதைத் தங்கள் பட்டியலில் சேர்த்தாக வேண்டும். சேர்க்க வைப்பதற்கென்றே சம்பளத்தில் இல்லாத ப்ரமோட்டர்கள் இருந்தார்கள். ஒரு நிலையம் ஒரு பாட்டைச் சேர்த்தால் இவ்வளவு என்று கம்பெனிகள் அவர்களுக்குப் படியளந்தன. அது லஞ்சமா சேவையா என்ற சண்டை பல வருஷம் நடந்தது. 1986 பிப்ரவரியில் என்பிசி தொலைக்காட்சி இதை அம்பலப்படுத்தியதும் பெரிய கம்பெனிகள் அவசரமாக அவர்களைக் கைகழுவின. 1983-ல் அந்த ஏற்பாடு முழு வீச்சில் இருந்தது. கம்பெனி எந்தப் பாட்டுக்குப் பையைத் திறக்கிறதோ அது மேலே போகும். மற்றவை அறுபதுகளில் ஓரிரு வாரம் நின்றுவிட்டுத் திரும்பும்.

யார் தோண்டி எடுத்தார்கள்

1988 கடைசியில் சில அமெரிக்க நிலையங்கள் இந்தப் பாட்டைத் தாங்களாகவே போடத் தொடங்கின. கம்பெனி கேட்கவில்லை, குழு கேட்கவில்லை, கேட்பதற்குக் குழுவும் இல்லை. நேயர்கள் தொலைபேசியில் மறுபடி மறுபடி கேட்டார்கள். அப்புறம்தான் கேபிட்டல் விழித்துக்கொண்டு சிங்கிளை மறுபடி வெளியிட்டது.

இது தனி ஒரு அதிசயம் இல்லை என்பது முக்கியம். பில்லி வெராவின் ‘அட் திஸ் மொமென்ட்’ 1981-ல் 79-ஆம் இடத்தோடு முடிந்துபோன பாட்டு. ‘ஃபேமிலி டைஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் வந்ததும் 1987 ஜனவரியில் முதலிடம். யூபி40-யின் ‘ரெட் ரெட் வைன்’ 1984-ல் அமெரிக்காவில் 34-ஆம் இடம் வரை வந்து நின்றது. ஃபீனிக்ஸ் நகரில் ஒரு நிலையத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கை ஸாபோலியன் அதை மறுபடி போட்டார், 1988 அக்டோபரில் முதலிடம். ஓடியிருக்க வேண்டிய, ஓடாமல் போன பாட்டுகளைத் தேடி எடுத்துப் போடுவதை அவர் ஒரு வழக்கமாகவே வைத்திருந்தார். ஒரு நிலையத்தில் பலித்தால் அடுத்த நிலையம் தன் பழைய அலமாரியைத் திறக்கும். ஷெரிஃப் அந்த அலமாரியிலிருந்து வந்த பாட்டு.

ஊரின் மனநிலையும் தோதாக இருந்தது. 1988 அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் முதலிடம் பிடித்தவற்றைப் பாருங்கள்: டெஃப் லெப்பர்டின் ‘லவ் பைட்ஸ்’, சிகாகோவின் ‘லுக் அவே’, பாய்சனின் ‘எவ்ரி ரோஸ் ஹேஸ் இட்ஸ் தார்ன்’. மூன்றும் ராக் குழுக்களின் காதல் பாட்டு. 1983-ல் மிச்சம் மீதி என்று ஒதுக்கப்பட்ட சரக்கு 1989-ல் சந்தையின் மைய சரக்கு. புதிதாக ஒன்றைப் பதிவு செய்யும் செலவுகூட இல்லை, டேப் தயாராக அலமாரியில் இருந்தது.

இந்த இடத்தில் நிலையத்துக்காரர்களை ஒரேயடியாகப் புகழத் தோன்றும். கொஞ்சம் நிதானிக்கிறேன். அவர்கள் தோண்டி எடுத்தது தங்கள் நிலையத்துக்கு எது ஒத்துவருமோ அதைத்தான். ஒரு காதல் பாட்டு வேண்டும், கிடைத்தது, போட்டார்கள். ஆல்பத்தைத் திருப்பிப் பார்த்து ‘யூ ரிமைண்ட் மீ’யையும் போடுவோம் என்று யாரும் அதே ஆர்வத்தோடு கிளம்பவில்லை. அந்தச் சிங்கிளை நம்பி ஆல்பம் வாங்கியவர் வீட்டுக்கு வந்து போட்டால், உள்ளே கிதார் இரைச்சலோடு 1982-ன் வாசனை. பத்துத் தாலாட்டு எதிர்பார்த்தவருக்கு ஏமாற்றம். ஒன்பது ராக் பாட்டை ரசித்திருக்கக்கூடியவரோ, ‘அந்தக் காதல் பாட்டுக் குழுதானே’ என்று கடையில் தொடாமலே போயிருப்பார்.

குரல் ஒருவருடையது, காசு இன்னொருவருக்கு

சாதாரணமாக ஒரு சிங்கிள் முதலிடம் வந்தால் அடுத்த நாளே பயணத் திட்டம் தயாராகும், இரண்டாவது சிங்கிள் வரும், அடுத்த ஆல்பத்துக்கு முன்பணம் கிடைக்கும். இங்கே எதுவும் நடக்கவில்லை. லானியும் ஹாசெலும் ஃப்ரோஸன் கோஸ்ட் என்ற பெயரில் வேறு குழு நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய முதல் ஆல்பம் 1987-ல் வந்தது, இரண்டாவது 1988-ல். அதாவது லானி தன் புது ஆல்பத்தை விற்கப் பாடுபட்டுக்கொண்டிருந்த அதே மாதங்களில், தான் எப்போதோ எழுதிய பாட்டு பக்கத்துக் கடையில் பறந்துகொண்டிருந்தது. பழைய குழுவை மறுபடி சேர்க்க அவர்கள் இருவருக்கும் விருப்பமில்லை. கர்சிக்கும் டிமார்ச்சிக்கும் விருப்பம் இருந்தது.

இந்த விருப்பு வெறுப்பைச் சும்மா குணக் கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால், எழுதியவருக்கும் அவருடைய பதிப்பாளருக்கும் பணம் உண்டு. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் கிடையாது. இன்றுவரை சட்டம் அதுதான். பாட்டைப் போட்டால் இசைத்தட்டு விற்கும், கச்சேரிக்குக் கூட்டம் வரும், அதுவே பாடகருக்குக் கூலி என்பது நிலையங்களின் பழைய வாதம். நடமாடும் குழுவுக்கு அது ஓரளவு சரி. கச்சேரியே செய்ய முடியாத, கலைந்துபோன குழுவுக்கு? ‘வென் ஐம் வித் யூ’வை எழுதியவர் லானி ஒருவர்தான். 19 வினாடி மூச்சைப் பிடித்தவர் கர்சி. நாடு முழுக்க மணிக்கு மணி அந்த மூச்சு ஒலித்தபோது, வானொலிக் கணக்கில் அதற்கு ஒரு சென்ட்கூட இல்லை. ‘குழுவை மறுபடி சேர்ப்போம்’ என்று யார் கேட்டார்கள், ‘வேண்டாம்’ என்று யார் சொன்னார்கள் என்பதை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு பக்கமும் புரிகிறது.

கிளை பிரிந்த பிறகு

கர்சியும் டிமார்ச்சியும் சும்மா இருக்கவில்லை. ஹார்ட் என்ற ராக் குழுவின் பழைய உறுப்பினர்கள் ரோஜர் ஃபிஷர், ஸ்டீவ் ஃபாசன், மைக் டெரோசியர் ஆகியோரோடு சேர்ந்து ஏலியஸ் என்ற குழுவைத் தொடங்கினார்கள். 1990-ல் வந்த ‘மோர் தன் வேர்ட்ஸ் கேன் சே’ கனடாவில் முதலிடம், அமெரிக்காவில் இரண்டாம் இடம். கேட்டுப் பார்த்தால் ‘வென் ஐம் வித் யூ’வின் தம்பி என்று உடனே தெரியும். சந்தை கேட்டதைக் கொடுத்தார்கள், தப்பில்லை. ‘வெயிட்டிங் ஃபார் லவ்’ 1991-ல் 13-ஆம் இடம் வரை வந்தது. அடுத்து ராக்கின் குணமே மாறிவிட்டது. அந்த ஆண்டுகளில் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலிருந்து வந்த, கிரஞ்ச் எனப்படும் கரடுமுரடான ராக் சத்தத்துக்கு முன்னால் இந்த மாதிரிக் குரலுக்கு மேடை இல்லாமல் போனது.

லானியின் பாதைதான் எதிர்பாராதது. ஃப்ரோஸன் கோஸ்டுக்குப் பிறகு அவர் தயாரிப்பாளர் ஆனார். ‘அவர் லேடி பீஸ்’ (Our Lady Peace) என்ற கனடாக் குழுவின் ‘நவீத்’, ‘க்ளம்ஸி’ உட்பட முதல் நாலு ஆல்பங்களும் அவர் கையில்தான் உருவாயின. 2002-ல் சிம்பிள் பிளானின் முதல் ஆல்பமும் அவர் தயாரித்தது. 1982-ன் கீபோர்டு கலைஞர், தொண்ணூறுகளின் கனடா ராக்குக்கு ஒலி கொடுத்தவர்களில் ஒருவராக மாறியிருக்கிறார். தன் தலைமுறையின் சத்தம் செத்த பிறகும் அடுத்த தலைமுறையோடு உட்கார்ந்து வேலை செய்ய எல்லோராலும் முடிவதில்லை. ஷெரிஃப் ஆல்பத்தில் பல்லவிகள் எவ்வளவு கச்சிதமாகக் கட்டப்பட்டிருக்கின்றன என்று கவனித்தால், அந்தத் தயாரிப்பாளர் அப்போதே உள்ளே இருந்தது தெரியும்.

ஆல்பத்தைத் தேடிக் கேட்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தப் பாட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ‘யூ ரிமைண்ட் மீ’யில் தொடங்கி, ‘கலிஃபோர்னியா’, ‘மேக்கிங் மை வே’, ‘லிவிங் ஃபார் எ ட்ரீம்’ என்று போங்கள். நாலையும் நல்ல ஸ்பீக்கரில், கொஞ்சம் சத்தமாக. அதற்கு அப்புறம் ஸ்டாப்வாட்ச்சை எடுக்கலாம்.